பாண்டியில் ஐந்து நாள்: எங்கே தங்கலாம், சுற்றுவட்டாரத்தில் எதைப் பார்க்கலாம்?

சிறுவாணி | ஜனவரி 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். நான், அம்மா (70 வயது), ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் என மூன்று பேர் பாண்டிச்சேரி போகலாம் என்றிருக்கிறோம். குடியரசு தினத்தை ஒட்டி ஐந்து நாள் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. கல்லூரி நாட்களில் ஒருமுறை பஸ்ஸில் வந்து அன்றைக்கே திரும்பியதோடு சரி. மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கும் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் தங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவது கஷ்டம். அவர் பிறந்தது மயிலம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகிக் கோவை வந்தபின் அந்தப் பக்கம் போனதே குறைவு. இப்போது அங்கே எங்களுக்கென்று யாரும் இல்லை.

ஐந்து நாளும் ஊருக்குள்ளேயே ஓடிவிடுமா? வெளியே போவதானால் எங்கே போகலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னை ரைடர் | ஜனவரி 6, இரவு 10.15

ஊருக்கு ரெண்டு நாள் தாராளம். ஒயிட் டவுனில் ரூம் போடுங்கள், ஒரு நாள் ஆரோவில், ஒரு நாள் சுண்ணாம்பாறு படகு. மிச்ச மூன்று நாளுக்கு மாமல்லபுரம் போய்விடலாம், ஈசிஆரில் நேர் சாலை.

முத்தியால்பேட்டை | ஜனவரி 7, காலை 6.05

சிறுவாணி அம்மா, முதலில் தேதியைப் பற்றி. தொடர் விடுமுறை வரும் எந்த வார இறுதியிலும் பாண்டி மூச்சுத் திணறும். அந்த மூன்று நாளும் கடற்கரைப் பக்கத் தெருக்களில் கார் நகராது, அறை வாடகை எகிறிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை தங்குகிற மாதிரி வாருங்கள். அதே தெருவா என்று சந்தேகம் வந்துவிடும்.

அடுத்தது எங்கே தங்குவது. நான் இங்கேயே பிறந்து, இங்கேயே முப்பது வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியவன். நகரத்தின் நடுவே பெரிய வாய்க்கால் வடக்கு தெற்காகப் போகிறது. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம் வெள்ளையர்கள் இருந்தார்கள். மேற்கே நம்மவர்கள். வருகிறவர்கள் எல்லோரும் கிழக்குப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே ஐந்து நிமிடம் நடந்தால் இன்னொரு ஊர் இருக்கிறது. தங்குவதற்கு அதைத்தான் சொல்வேன்.

வைசியாள் வீதி என்று கேளுங்கள். பலகையில் கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்று இருக்கும். அங்கே பழைய தமிழ் வீடுகளை வரிசையாகச் சீர்செய்திருக்கிறார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. தெருவை ஒட்டி மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க வீட்டுக்காரர் விட்ட இடம் அது. அதைத் தாண்டித் திண்ணை, திண்ணைக்குப் பின்னால் வாசல், உள்ளே போனால் முற்றம். பிரெஞ்சு வீடுகளில் தெருப்பக்கம் உயரமான மதில்தான் தெரியும், அழகெல்லாம் உள்ளே. நம் வீடுகள் தெருவுக்கே ஒரு பங்கை விட்டுக்கொடுத்துக் கட்டியவை. உங்கள் மகளை இரண்டு தெருவிலும் அடுத்தடுத்து நடக்க வையுங்கள், யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வாள்.

ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன். பிரெஞ்சு ஊரின் நேர்கோட்டுத் தெருக்கள் என்று புகழ்கிறோமே, அந்தக் கட்டம் போட்டது டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை அவர்கள் வைத்திருந்தபோது போட்ட திட்டம். பிறகு 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதே கோட்டின் மேல் மறுபடி கட்டியதைத்தான் இன்றைக்குப் பார்க்கிறோம்.

இடிபடுவதற்கு முந்தைய பாண்டி தெரியவேண்டுமென்றால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736 முதல் 1761 வரை எழுதினார். கப்பல் வந்தது, யாருக்கு என்ன மரியாதை நடந்தது, 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தபோது ஊர் எப்படிக் கொதித்தது, எல்லாம் நம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்புதான் இறந்தார். அவர் வீடு பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். கீழ்த்தளம் நம்ம ஊர் மரத்தூண், மேல்தளம் பிரெஞ்சுப் பாணி வெள்ளைத் தூண்.

வாய்க்கால் ஓரம் | ஜனவரி 7, காலை 8.30

ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கிழக்குப் பக்கம் வெறும் படமெடுக்கிற இடம் என்பது போல ஆகிவிடக் கூடாது. நான் டூமா வீதிப் பக்கம் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன்.

முழங்கால் வலி உள்ள ஒருவருக்குத் தமிழ்நாட்டின் இந்தப் பக்கத்திலேயே இவ்வளவு நல்ல நடைபாதை கிடையாது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். மேடு பள்ளமே இல்லை, நெடுக உட்கார இடம் உண்டு. காலை ஐந்தரைக்குப் போனால் ஊரில் உள்ள பெரியவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நடந்துகொண்டிருப்பார்கள். துறைமுகம் கட்டியபின் பல வருஷம் மணலே இல்லாமல் வெறும் பாறைக்கரையாக இருந்தது. கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியிருக்கிறது. அம்மா காலை நனைக்கலாம்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களை நின்று பாருங்கள். அவை இந்த ஊர்க் கல் இல்லை. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. யாளியும் கொடியும் செதுக்கிய கோயில் தூண்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன.

இன்னொன்று, இங்கே பிரெஞ்சு என்பது கட்டடம் மட்டும் இல்லை. என் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 1962-இல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள வழி இருந்தது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்கள் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14-ஐ இன்றும் கொண்டாடுகின்றன. தாத்தா வேட்டி சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு போர் நினைவிடத்துக்குப் போவார். வீட்டில் வடகம் தாளித்த குழம்பு, கூடவே நீள ரொட்டி. இந்த வாழ்க்கை வாய்க்காலின் இரண்டு பக்கமும் கலந்துதான் கிடக்கிறது.

சிறுவாணி | ஜனவரி 7, இரவு 9.10

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, மிக்க நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திண்ணை வீடு என்றதும் அங்கேயே தங்கலாம் என்று சொல்லிவிட்டார், அதனால் என் மஞ்சள் வீட்டு ஆசையை விட்டுவிட்டேன். தேதியையும் மாற்றப் பார்க்கிறேன். சுற்றுவட்டாரம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கடலூர்க்காரன் | ஜனவரி 7, இரவு 11.20

அக்கா, நான் கடலூர். வேலைக்காகத் தினமும் பாண்டி வந்து போகிறேன். எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

பாண்டிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. வரைபடத்தில் பார்த்தால் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டது போல இருக்கும். ஒரு சாலையில் போகும்போதே தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறும். பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொருவரிடம் வாங்கியதால் வந்த வினை. வில்லியனூரும் பாகூரும் டியூப்ளே காலத்தில் சந்தா சாகிப் கொடுத்தவை. அந்த ஒட்டுத் துண்டுகளில்தான் பழைய சரக்கு எல்லாம் இருக்கிறது.

முதலில் அரிக்கமேடு போங்கள். ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். அரியாங்குப்பம் ஆறு வளைகிற இடத்தில் ஒரு மாந்தோப்பு. போனதும் என்ன இது, ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டு மிஷன் கட்டடத்தின் இரண்டு சுவர் மட்டும் நிற்கும். ஆனால் நீங்கள் மிதிக்கிற மண்ணுக்கு அடியில் இரண்டாயிரம் வருஷத்துத் துறைமுகம் இருக்கிறது. 1930-களில் துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அங்கே சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பார்த்துத்தான் இது சாதாரண இடமில்லை என்று புரிந்துகொண்டார். 1945-இல் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டியபோது இத்தாலியில் செய்த செம்மட்கலம், மது வந்த கூர்ஜாடி எல்லாம் கிடைத்தன. இந்தியாவின் தென்பகுதியில் எந்த மண்ணடுக்கு எந்தக் காலம் என்று கணக்குப் பார்க்க அந்தக் கலங்கள்தான் முதலில் கைகொடுத்தன. அங்கே போகும் முன் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் அந்தப் பொருட்களைப் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம்.

அப்புறம் பாகூர். மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி, முழுக்கக் கல்லால் கட்டியது. சுவரில் உள்ள சின்னச் சிற்பங்களைக் குனிந்து பார்க்க வேண்டும், ஒரு சாண் உயரம்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு கல்லூரி நடந்தது. நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் அதற்கு மூன்று ஊரைத் தானமாகக் கொடுத்த செப்பேடு 1879-இல் பாகூரில் கிடைத்தது. ஏரிக்கரையில் மாலையில் பறவை வரும்.

எனக்கு நெருக்கமான இடம் கீழூர். ஒரு சின்ன நினைவு மண்டபம், அவ்வளவுதான். 1954 அக்டோபர் 18 அன்று அங்கேதான் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். இருநூறு வருஷத்துக்கும் மேலான ஆட்சி வயல் நடுவே ஒரு கொட்டகையில் முடிந்தது. பீரங்கி இல்லை, தோட்டா இல்லை. உங்கள் மகளுக்கு அதைச் சொல்லுங்கள் அக்கா. அங்கே போகிற வழியில்தான் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னரும் வடம் பிடித்தார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

எங்கள் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை இருக்கிறது. 1690-இல் ஆங்கிலேயர்கள் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற பெயர் அதனால் வந்ததுதான். கோட்டையில் பெரிதாக மிச்சம் இல்லை. நேரம் இருந்தால் மட்டும் வாருங்கள்.

சென்னை ரைடர் | ஜனவரி 8, காலை 7.00

நான் பத்துத் தடவைக்கு மேல் பாண்டி போயிருக்கிறேன். கீழூர் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அடுத்த சவாரி அங்கேதான். ஆரோவிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாய்க்கால் ஓரம் | ஜனவரி 8, காலை 8.10

ஆரோவிலுக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியபோது அது வெறும் செம்மண் பொட்டல், ஒரு ஆலமரத்தைத் தவிர நிழல் கிடையாது. இன்றைக்கு நிற்கும் காடு முழுக்க நட்டு வளர்த்தது. மாத்ரி மந்திர் என்ற தியான மண்டபத்தின் தங்க உருண்டையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அந்தக் காட்டுக்குள் நடந்து பாருங்கள். மாத்ரி மந்திரின் உள்ளே உட்கார முன்பதிவு வேண்டும்.

செஞ்சிமலை | ஜனவரி 8, பகல் 1.45

காந்தி சிலைத் தூண்களைப் பற்றி வந்ததால் எழுதுகிறேன். தூணைப் பார்த்தால் போதாது, அது பிறந்த ஊரையும் பாருங்கள். பாண்டியிலிருந்து செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள், மூன்றையும் வளைத்து மதில். சிவாஜி 1677-இல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது மொகலாயர்கள் எட்டு வருஷம் முற்றுகை போட்டுத்தான் பிடிக்க முடிந்தது. 1750-இல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் பிடித்தான். 2025-இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

உங்கள் அம்மா மலை ஏற வேண்டாம். கீழேயே கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், வெங்கடரமணர் கோயில் இருக்கின்றன. நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் மகளும் ராஜகிரி ஏறலாம். காலை எட்டுக்குள் தொடங்கிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள், கையில் வைத்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும்.

வழியை மாற்றிக்கொண்டு திருவக்கரையையும் பார்க்கலாம். இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை தெரியும், வளையம் தெரியும், தொட்டால் கல். கிளையோ வேரோ இல்லாமல் அடிமரம் மட்டுமே கிடப்பதால், வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்கிறார்கள். ஒன்றையும் எடுக்கக் கூடாது, சின்னச் சில்லு கூட. பக்கத்தில் வக்கிரகாளியம்மன் கோயில், பௌர்ணமியன்று கூட்டம் அலைமோதும்.

முத்தியால்பேட்டை | ஜனவரி 8, மாலை 6.20

எல்லோரும் எழுதியதைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறைத்தது. சிறுவாணி அம்மா, உங்கள் தாயார் மயிலம் பக்கம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறீர்கள். தேதியை மாற்றுவதானால் மாசி மகத்துக்கு மாற்றுங்கள்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. நாம் எல்லோரும் சுற்றுவட்டாரத்துக்குப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குச் சுற்றுவட்டாரமே பாண்டிக்கு வந்துவிடும். மயிலம் முருகன், தீவனூர் பொய்யாமொழி விநாயகர், செஞ்சி அரங்கநாதர் என்று சுற்றியுள்ள ஊர்ச் சாமியெல்லாம் கடலாட வருகின்றன. எந்த ஆட்சி எந்த எல்லைக்கோட்டைப் போட்டிருந்தாலும் அந்தச் சாமிகளுக்கு வழி ஒன்றுதான். ஆனந்தத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், கூட்டம் மிகக் கடுமையாக இருக்கும். அம்மாவை விடியும் முன்பே அழைத்துப் போய் நிழல் பார்த்து உட்கார வையுங்கள். அறையையும் இப்போதே சொல்லி வைத்துவிட வேண்டும்.

சிறுவாணி | ஜனவரி 8, இரவு 10.00

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மயிலத்தான் அங்கே வருவானா?" என்று மட்டும் கேட்டார். மாசி மகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சிறுவாணி | மார்ச் 15, இரவு 8.30

போய் வந்தாயிற்று. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு சங்கடம். தரைத்தள அறை என்று உறுதி சொல்லி முன்பணம் வாங்கிய இடத்தில், போனபின் மாடி அறைதான் இருக்கிறது என்றார்கள். படி செங்குத்து, அம்மாவால் முடியவே முடியாது. பெட்டியோடு தெருவில் நின்றோம். எதிர்வீட்டு அம்மா எங்களைத் தம் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கேட்டுக் கீழறையும் பிடித்துக் கொடுத்தார். தாழ்வாரம் எதற்கு என்று ஐயா எழுதியதை முதல் அரைமணி நேரத்திலேயே பார்த்துவிட்டோம். முற்றத்தில் துளசி மாடம், மேலே திறந்த வானம். மகள் தினமும் அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

அரிக்கமேட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அருங்காட்சியகத்தில் மணிகளைப் பார்த்துவிட்டுப் போனதால் மகள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உடைந்த பானை ஓடு ஒன்று கிடந்தது, விரல் நகம் அளவு, சிவப்பு. எடுத்து, புரட்டிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அம்மா ஆற்றைப் பார்த்து, "இதில் எப்படிக் கப்பல் வந்திருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடலூர்த் தம்பி, கீழூருக்கும் போனோம். கதவு பூட்டியிருந்தது, வெளியிலிருந்துதான் பார்த்தோம். 170, 8 என்ற கணக்கை மகள் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பாகூருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆரோவிலும் போகவில்லை, மன்னிக்க வேண்டும்.

செஞ்சியில் பாதிதான் ஏறினோம், வெயில் விடவில்லை. அதற்கு முந்தின நாள் மாலை காந்தி சிலைத் தூணில் பார்த்த கொடிவேலையை, வெங்கடரமணர் கோயில் வாசலில் அம்மாதான் முதலில் அடையாளம் கண்டார். "இது அங்கே இருந்ததுதானே" என்று கையால் தடவிப் பார்த்தார்.

மாசி மகம். நாலரை மணிக்கே வைத்திக்குப்பம் போய்விட்டோம். விடிய விடியக் கூட்டம் சேர்ந்தது. மணலில் வரிசையாக உட்கார்ந்து பலர் முன்னோருக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் தாத்தா பாட்டி பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். நாற்பத்தெட்டு வருஷமாகக் கோவையில் இருந்துகொண்டு அவர் செய்யாதது அது. மாமன்கள்தான் செய்வார்கள், இப்போது அவர்களும் இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் மேளச்சத்தம் நெருங்கியது. ஒவ்வொரு சாமியாக வந்துகொண்டிருக்க, அம்மா ஒவ்வொருவரிடமும் "இது எந்த ஊர்?" என்று கேட்டார். மயில் தெரிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த நெரிசலில் கடல் ஓரம் வரை நடந்தார். முழங்கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி அம்மாவின் பேச்சைக் கேட்டு, "நீங்க எங்க ஊர்ப் பக்கமா?" என்றார். இரண்டு பேரும் ஏரிக்கரை, பழைய பள்ளிக்கூடம், யார் வீட்டுப் பெண் என்று பேசிக்கொண்டே போனார்கள். நானும் மகளும் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம்.

முத்தியால்பேட்டை | மார்ச் 15, இரவு 9.05

படித்துவிட்டு வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன் அம்மா. தாயாருக்கு எங்கள் இருவர் வணக்கம்.

கடலூர்க்காரன் | மார்ச் 15, இரவு 9.40

அக்கா, கீழூர் மண்டபம் பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்த்திருக்கலாம், அதை முன்பே சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆகஸ்ட் 16 அன்று அங்கே கொடியேற்றுவார்கள், அன்றைக்குத் திறந்திருக்கும். பாகூரும் பாக்கி இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அம்மாவை மயிலத்துக்கே அழைத்துப் போகிற எண்ணம் இருக்கிறதா?

சிறுவாணி | மார்ச் 15, இரவு 9.55

டிக்கெட் எடுத்துவிட்டேன் தம்பி. மலை அடிவாரத்தில் தரைத்தள அறை எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.